உயர்தர மேசைக்கணினி குறித்த உடைமையாளர் கருத்துகள்: மேக் ப்ரோ வரிசையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவர்கள் அதைப் பற்றி வெளியிடும் கருத்துகள் இன்று ஆய்வுத் தரவுகளாகப் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. கருத்து எழுதப்பட்ட காலம், எழுதியவரின் தொழில், அவர் அப்பொருளுடன் கழித்த ஆண்டுகள் ஆகியவற்றை விடுத்து அத்தரவுகளைத் தொகுப்பின் முடிவுகள் பிழைபடும். ஆப்பிள் நிறுவனம் 2006 முதல் 2023 வரை வெளியிட்ட மேக் ப்ரோ மேசைக்கணினிகளையும், அவற்றின் உடைமையாளர்களிடையே எழுந்த பாராட்டுகளையும் முறையீடுகளையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது. உயர்தரக் கணினியின் உடைமையாளர் பெரிதும் மதிப்பது அதன் விரைவை அன்று. பின்னாளில் அதை மாற்றிக்கொள்வதற்கு உள்ள இடத்தையே என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

திறவுச்சொற்கள்: மேசைக்கணினி, உடைமையாளர் கருத்து, மேக் ப்ரோ, நுகர்வோர் குரல், விரிவாக்கம், கருத்தின் காலம்.

முன்னுரை

பற்பசை பிடிக்காவிடில் அடுத்த மாதம் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். அதைப் பற்றி வாங்கியவர் கூறும் கருத்தும் அந்த அளவிற்கே பொறுப்புடையது. பல இலட்சம் ரூபாய் விலையுள்ள மேசைக்கணினியின் நிலை அத்தகையதன்று. அது திரைப்படத் தொகுப்பாளர், இசையமைப்பாளர், முப்பரிமாண வரைகலைஞர், அறிவியல் கணிப்பாளர் ஆகியோரின் தொழிற்கருவி. அதனோடு திரை, சேமிப்பகம், ஒலிக்கருவி, மென்பொருள், பல ஆண்டுப் பழக்கம் ஆகியவை பிணைந்துள்ளன. எனவே அத்தகைய கணினி குறித்து அதன் உடைமையாளர் எழுதும் கருத்தில் தம் வருவாயைப் பற்றிய அச்சமும், கருவி செய்தவரின்மீது வைத்த நம்பிக்கையும் சேர்ந்தே வெளிப்படுகின்றன.

இக்கருத்துகளை ஐந்து விண்மீன்களுக்கு எத்தனை என்று எண்ணிச் சராசரி காணும் வழக்கம் ஆய்வுலகிலும் பரவியுள்ளது. அம்முறை பற்பசைக்குப் போதுமானதாக இருக்கலாம். மேக் ப்ரோவுக்கு அது போதாது என்பதை அவ்வரிசையின் வரலாறே காட்டுகிறது.

எடுத்துக்கொண்ட கணினி வரிசை

மேக் ப்ரோ 2006 ஆகஸ்டில் அறிமுகமானது. அலுமினியக் கோபுர வடிவப் பெட்டி, இரண்டு இன்டெல் ஜியான் செயலிகள், நான்கு வன்தட்டு அறைகள், நான்கு விரிவாக்கச் செருகுவாய்கள் என்பன அதன் அமைப்பு. அடிப்படை விலை 2,499 டாலர். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பவை அனைத்தும் கைக்கு எட்டும். இவ்வடிவம் சிறு மாற்றங்களுடன் 2012 வரை தொடர்ந்தது. விசிறிகளுக்குரிய காப்பு முதலியவை குறித்துத் திருத்தப்பட்ட பாதுகாப்பு விதிக்கு அது பொருந்தாமையால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதன் விற்பனை 2013 மார்ச் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஒரு சந்தையையே கைவிடத் துணிந்த நிறுவனம் அக்கணினியைத் திருத்த முன்வரவில்லை. உடைமையாளர்களின் ஐயம் வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2012 ஜூனில் வந்த மிகச் சிறிய மேம்பாடு அவர்களிடையே ஏமாற்றத்தை விளைவித்திருந்தது. அப்போது வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதிய மறுமொழியில், தொழில்முறைப் பயனர்களுக்கான சிறந்ததொரு கணினி அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் வரும் என்று தலைமைச் செயல் அலுவலர் டிம் குக் குறிப்பிட்டிருந்தார்.

அவ்வாறு 2013 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது உருளை வடிவ மேக் ப்ரோ. உயரம் 25 சென்டிமீட்டர். எடை 5 கிலோகிராம். பருமன் பழைய கோபுரத்தில் எட்டில் ஒரு பங்கு. தொடக்க விலை 2,999 டாலர். பின்னர் 2019 டிசம்பரில் மீண்டும் கோபுர வடிவம் வந்தது. 2023 ஜூனில் அதே பெட்டியில் ஆப்பிளின் சொந்தச் செயலியான எம்2 அல்ட்ரா இடம்பெற்றது.

பட்டப்பெயர்கள்

உடைமையாளர் கருத்தின் மிகச் சுருங்கிய வடிவம் பட்டப்பெயர். பழைய கோபுரத்தின் துளையிட்ட முன்பக்கத்தைக் கண்டோர் அதைப் பாலாடைக்கட்டித் துருவி என்றனர். 2013ஆம் ஆண்டின் கரிய உருளை குப்பைக்கூடை எனப்பட்டது. இலக்கணிகள் கூறும் காரணப்பெயர் என்னும் வகையுள் இவ்விரண்டும் அடங்கும். வடிவ ஒப்புமையே காரணம். ஆயினும் இரண்டாவது பெயரின் பொருள் நிலைத்து நிற்கவில்லை. தொடக்கத்தில் உருவத்தை மட்டும் சுட்டிய நகைச்சொல், ஆண்டுகள் கடந்தும் மேம்பாடு வராதபோது மதிப்பீடாக மாறியது. சொல் அதுவே, சொன்னவரின் தொனி வேறு. சொற்களை எண்ணும் மென்பொருளால் இம்மாற்றத்தை உணர இயலாது. 2019இல் கோபுரம் திரும்பியபோது துருவி என்னும் பழைய பெயரும் உடன் திரும்பியது. இம்முறை அதில் இழந்ததை மீளப் பெற்றவரின் உவகை கலந்திருந்தது.

முதல் நாளும் மூன்றாம் ஆண்டும்

உருளைக் கணினியின் உள்ளமைப்பை விளக்காமல் அதைப் பற்றிய கருத்துகளைப் புரிந்துகொள்வது அரிது. நடுவில் முக்கோண வடிவ வெப்பக் கடத்தி ஒன்று நிற்கும். அதன் மூன்று முகங்களில் ஒன்றில் செயலியும் ஏனைய இரண்டில் வரைகலை அலகுகளும் பொருத்தப்பட்டிருக்கும். மேலேயுள்ள ஒற்றை விசிறி அனைத்து வெப்பத்தையும் ஈர்த்து வெளியேற்றும். மூன்று முகங்களும் ஏறத்தாழ ஒத்த அளவு வெப்பத்தை வெளியிடும்வரை இது சிறந்த ஏற்பாடு. கணினி ஓசையின்றி இயங்கும், இடத்தையும் அடைக்காது.

முதல் மாதங்களில் எழுந்த கருத்துகளில் இவ்விரு பண்புகளுமே பெரிதும் போற்றப்பட்டன. ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிவோருக்கு ஓசையின்மை ஆடம்பரமன்று, தேவை. பைனல் கட் ப்ரோ எக்ஸ் என்னும் படத்தொகுப்பு மென்பொருள் இரண்டு வரைகலை அலகுகளையும் பயன்படுத்துமாறு திருத்தப்பட்டிருந்தமையால் அதனைக் கையாண்டோரும் நிறைவடைந்தனர். பழுதுபார்ப்பதற்கு எளிதா என்பதை அளவிடும் ஐஃபிக்ஸிட் நிறுவனம் இக்கணினிக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் வழங்கியது. நினைவகத்தையும் விசிறியையும் எளிதில் கழற்ற முடிந்ததே அதற்குக் காரணம்.

பழுதுபார்க்க இயல்வது வேறு, மேம்படுத்த இயல்வது வேறு. இவ்வேறுபாடு முதல் நாளில் எவர் கண்ணிலும் பெரிதாகப் படாது. மூன்றாம் ஆண்டில் அது ஒன்றே கண்ணில் படும். வரைகலை அலகுகள் இக்கணினிக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றிற்கு மாற்றாகப் புதியவற்றை நிறுவனம் விற்கவில்லை. கடையில் கிடைக்கும் அட்டை அதனுள் நுழையாது. இதற்கிடையில் தொழிலுலகம் சென்ற திசை வேறு. இரண்டு நடுத்தர வரைகலை அலகுகளுக்குப் பதிலாக ஒரே பேரலகு என்பதே போக்காயிற்று. முப்பரிமாண ஆக்கத்திற்குரிய மென்பொருள்களுள் பல என்விடியா நிறுவனத்தின் கூடா என்னும் நிரல்தளத்தை வேண்டி நின்றன. உருளையில் இருந்தவையோ ஏஎம்டி நிறுவனத்தின் அலகுகள். ஒரு முகத்தில் மட்டும் பெருவெப்பம் எழுப்பும் அலகைப் பொருத்த முக்கோணம் இடந்தரவில்லை. 2016 தொடக்கத்தில், முந்தைய ஆண்டு உற்பத்தியான சில கணினிகளின் வரைகலை அலகுகளில் குறை இருக்கலாம் என ஏற்று, கட்டணமற்ற பழுதுநீக்கத் திட்டத்தையும் நிறுவனம் செயற்படுத்த நேர்ந்தது.

மேசையின் தோற்றமும் மாறியது. கணினி சிறுத்தது, அதனுள் இருந்த வன்தட்டுகளும் அட்டைகளும் வெளியே தனித்தனிப் பெட்டிகளாயின. ஒவ்வொரு பெட்டிக்கும் தண்டர்போல்ட் வடம் ஒன்று, மின்வடம் ஒன்று, பெரும்பாலும் ஒரு விசிறியும். ஓசையற்ற கணினியைச் சுற்றி ஓசையிடும் பெட்டிகள் அணிவகுத்தன. முதல் நாள் கருத்தில் போற்றப்பட்ட இரு பண்புகளும் மூன்றாம் ஆண்டில் இவ்வாறு தாமே கரைந்தன. முதல் நாள் கருத்து பொய்யன்று. அது எழுதப்பட்டபோது மேசையில் பெட்டிகள் இல்லை, அவ்வளவே.

வெளியேறியோரும் எஞ்சியோரும்

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், தரம் தாழும் நிறுவனத்தின்பால் மக்கள் மேற்கொள்ளும் செயல்களை வெளியேற்றம், குரல் என இரண்டாகப் பகுத்தார். பற்றுறுதி என்பது வெளியேற்றத்தைத் தாமதப்படுத்திக் குரலுக்கு வலுவூட்டுவது. நைஜீரிய இருப்புப்பாதைப் போக்குவரத்தை அவர் எடுத்துக்காட்டினார். சரக்குந்து என்னும் மாற்று வழி இருந்தமையால், தரத்தில் நாட்டமுடையோர் முதலில் அங்குச் சென்றுவிட்டனர். குறைகூறி நிறுவனத்தைத் திருத்தியிருக்கக்கூடியவர்களே வெளியேறியமையால் குறைகள் நீடித்தன.

மேக் ப்ரோ உடைமையாளர்களிடமும் இதனைக் காணலாம். முப்பரிமாண வரைகலைஞர்களுக்கு விண்டோஸ் கணினி என்னும் மாற்று வழி எளிதில் கிடைத்தது; அவர்கள் கையாண்ட மென்பொருள்கள் அங்கும் இயங்கின. பைனல் கட், லாஜிக் போன்ற ஆப்பிள் மென்பொருள்களைச் சார்ந்த தொகுப்பாளர்களும் இசையமைப்பாளர்களும் அவ்வாறு எளிதில் வெளியேற இயலாது. ஆகவே 2016 அளவில் தம்மை உடைமையாளர் என்று கூறிக்கொண்டு எழுதியோர், 2013இல் வாங்கியோரின் சரியான மாதிரியல்லர், எஞ்சியோர் மட்டுமே. வரைகலை வலிமை பற்றிய முறையீடு ஓரிடத்தில் குறைந்தால், குறை நீங்கியது என்று பொருள்கொள்ளலாகாது. குறை கூறியவர் நீங்கியிருக்கலாம். உடைமையாளர் கருத்துகளைத் தரவாகக் கொள்ளும் ஆய்வுகளில் இவ்வொரு புள்ளியைக் கருதாமல் விடுவதே பெரும் பிழை என்பது என் கணிப்பு.

எஞ்சியோரின் குரலிலும் ஒரு பழைய நினைவு இருந்தது. 2011இல் பைனல் கட் ப்ரோ எக்ஸ் வெளிவந்தபோது, பழைய பதிப்பில் உருவாக்கிய தொகுப்புக் கோப்புகளை அதில் திறக்க இயலவில்லை. பல்கேமராத் தொகுப்பு வசதியும் முதற்பதிப்பில் இல்லை. அந்நிகழ்வை அறிந்தவரே 2013 கணினி நான்கு ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்ததன் வலியை உணர்வர். ஒரு கணினியைப் பற்றிய முறையீட்டில் வேறொரு மென்பொருள் இடம்பெறுவதைத் தொடர்பற்றது என நீக்கும் தரவுத் தொகுப்பாளர், உரிய காரணத்தையே நீக்கிவிடுகிறார்.

நிறுவனம் செவிசாய்த்த முறை

2017 ஏப்ரலில் ஆப்பிளின் உயர் அலுவலர்கள் சில செய்தியாளர்களை அழைத்து, உருளைக் கணினியின் வெப்ப அமைப்பு தம்மை ஒரு மூலைக்குள் அடைத்துவிட்டது என வெளிப்படையாக ஏற்றுக்கொண்டனர். இரட்டை வரைகலை அலகுகள்மீது வைத்த கணிப்பு தவறியது என்பதும் கூறப்பட்டது. வருங்காலத் திட்டங்களை மறைத்தே வைக்கும் ஒரு நிறுவனம், உறுப்புகளை மாற்றத்தக்க புதிய கணினி உருவாகிறது என்று முன்கூட்டி அறிவித்தது வழக்கத்திற்கு மாறானது. இருக்கும் உருளையின் விலைநிலைகளும் மாற்றப்பட்டன. முன்பு 3,999 டாலருக்கு விற்ற ஆறு கோர் கணினி 2,999 டாலருக்குக் கிடைத்தது; உள்ளே இருந்தவை 2013ஆம் ஆண்டின் உறுப்புகளே. அதே ஆண்டு டிசம்பரில் 4,999 டாலர் விலையில் ஐமேக் ப்ரோ வந்தது. வலிமையில் குறைவில்லை, ஆனால் நினைவகத்தை மாற்றவும் முழுக் கணினியையும் பிரிக்க வேண்டும். உடைமையாளர்கள் கேட்டது இதனை அன்று.

2018இல் வெளியான தகவல் நம் நோக்கிற்கு மிகவும் பயனுடையது. திரைப்படம், இசை, முப்பரிமாணம் முதலிய துறைகளில் தேர்ந்த கலைஞர்களைப் பணியாளர்களாகவும் ஒப்பந்த அடிப்படையிலும் அமர்த்தி, அவர்கள் உண்மையான படைப்புகளை உருவாக்கும்போது எங்கே தடை நேர்கிறது என்பதைப் பொறியாளர்கள் அருகிருந்து நோக்கும் குழுவொன்றை நிறுவனம் ஏற்படுத்தியிருந்தது. எழுதப்பட்ட கருத்தைக் காட்டிலும் நேர்நின்று காணும் பணி நம்பத்தக்கது என்னும் வகையில் இது பாராட்டத்தக்க முறையே. கள ஆய்வு செய்வோர் இதன் அருமையை அறிவர். ஆயின் அம்முறையில் ஓர் இடைவெளி உண்டு. அவ்வறையில் அமர்ந்த கலைஞர் பயனர்; உடைமையாளர் அல்லர். அவர் கையாண்ட கணினிக்கு அவர் விலை கொடுக்கவில்லை. எனவே மென்பொருள் எங்கே தயங்குகிறது என்பதை அவர் காட்டியிருக்க முடியும். கடன் தவணை எங்கே இறுக்குகிறது என்பதைக் காட்டியிருக்க முடியாது.

2019: நிறைவும் விலையும்

2019 கணினி அவ்விடைவெளியின் இரு பக்கங்களையும் காட்டுகிறது. எட்டு விரிவாக்கச் செருகுவாய்கள், நினைவகத்திற்குப் பன்னிரண்டு செருகுவாய்கள், 28 கோர்கள் வரையிலான செயலி, 1.5 டெராபைட் வரை நினைவகம் என விரிவாக்கம் குறித்த முறையீடுகள் ஏறத்தாழ அனைத்தும் தீர்க்கப்பட்டன. மேற்பிடியைத் திருகி உறையைத் தூக்கினால் நான்கு புறமும் திறந்துகொள்ளும். ஐஃபிக்ஸிட் பத்துக்கு ஒன்பது வழங்கியது. ஓசையின்மையும் தக்கவைக்கப்பட்டது.

விலை 5,999 டாலரில் தொடங்கியது. 2006இல் 2,499 டாலருக்குக் கோபுரம் வாங்கிய தனிமனிதரும் சிறு கூடத்தினரும் இப்போது வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். அவ்விலைக்குக் கிடைத்தது எட்டு கோர் செயலியும் 256 ஜிகாபைட் சேமிப்பகமும். அதே காலத்தில் ஏஎம்டியின் 32 கோர் திரெட்ரிப்பர் செயலி 1,999 டாலருக்குக் கிடைத்தமையால் ஒப்பீடு தவிர்க்க இயலாததாயிற்று. கணினியின் அடியில் பொருத்தும் நான்கு சக்கரங்களுக்கு 400 டாலர் கூடுதல் என்பதும், அவற்றில் நிறுத்துபூட்டு இல்லை என்பதும் நகைப்பிற்கு உள்ளாயின. பின்னாளில் தனியே வாங்குவோருக்குச் சக்கரத் தொகுதி 699 டாலர் ஆயிற்று. சக்கரம் பற்றிய நகையாடலைச் சிறு பேச்சாகத் தள்ளிவிடத் தோன்றும். ஆயினும் வாங்க இயலாதோரும் பங்குகொள்ளத்தக்க ஒரே பொருள் அதுவாக இருந்தது. உடைமையாளராக இருந்து விலையால் வெளித்தள்ளப்பட்டோரின் குரல் அந்நகைப்பில் ஒளிந்திருந்தது.

பெருஞ்செலவு செய்தோர் தம் தேர்வை நியாயப்படுத்தவே முயல்வர் என்பது லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் விளக்கிய அறிதல் முரண் கோட்பாட்டின்வழிப் பலரும் கூறும் முடிவு. இக்கணினியின் உடைமையாளர்களுக்கு அது ஓரளவே பொருந்தும். வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கில் ஊதியம் பெறுவோருக்குக் காத்திருக்கும் நேரம் நேரடி இழப்பு. அவர்கள் பாராட்டுவதில் கணக்கு உண்டு. அறிதல் முரண் பொருந்துவது கணக்கின்றி வாங்கியோரிடம்.

அக்கணக்கையும் புரட்டிய நிகழ்வு விரைவில் வந்தது. கணினி விற்பனைக்கு வந்து ஆறு மாதங்கள் கழித்து, 2020 ஜூனில், இன்டெல் செயலிகளைக் கைவிட்டுத் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. 2022 மார்ச்சில் மேக் ஸ்டுடியோ வெளிவந்தபோது, 3,999 டாலருக்குக் கிடைக்கும் எம்1 அல்ட்ரா செயலி 28 கோர் மேக் ப்ரோவைவிட 60 விழுக்காடு வரை விரைவானது என நிறுவனமே கூறியது. அந்த 28 கோர் செயலிக்கென மட்டும் உடைமையாளர் கூடுதலாகக் கொடுத்தது 7,000 டாலர். ஆயினும் வருத்தமே ஒருமித்த கருத்தாக அமையவில்லை. இசைக்கருவி ஒலிமாதிரிகளை நூற்றுக்கணக்கான ஜிகாபைட் அளவில் நினைவகத்தில் ஏற்றி இசையமைப்போருக்கு அன்றைய மேக் ஸ்டுடியோவின் 128 ஜிகாபைட் உச்சவரம்பு போதவில்லை. 2021 ஆகஸ்டில் புதிய வரைகலை அலகுகள் இதே கணினிக்கென விற்பனைக்கு வந்தன. அவற்றைச் செருகியோர் உருளையின் உடைமையாளர் பெறாத ஒன்றைப் பெற்றனர். விரைவில் தோற்ற கணினி இடத்தில் வென்றது.

செருகுவாய் உண்டு, வரைகலை அட்டை இல்லை

2023 மேக் ப்ரோவின் அறிமுக விலை 6,999 டாலராக இருந்தது. அதே எம்2 அல்ட்ரா செயலியும் அதே 192 ஜிகாபைட் நினைவக வரம்பும் உடைய மேக் ஸ்டுடியோவின் விலை அப்போது 3,999 டாலராக இருந்தது. எஞ்சிய 3,000 டாலர் பெரும்பாலும் செருகுவாய்களின் விலை என்றே உடைமையாளர்கள் கணக்கிட்டனர். அச்செருகுவாய்களில் ஒலி அட்டை, ஒளிதோற்ற உள்ளீட்டு அட்டை, சேமிப்பக அட்டை ஆகியவற்றைப் பொருத்தலாம். வரைகலை அட்டைக்கு ஆதரவு இல்லை. நினைவகம் செயலியோடு ஒன்றியிருப்பதால் பின்னர்ச் சேர்க்கவும் இயலாது. ப்ரோ டூல்ஸ் அட்டைகளைக் கொண்டு இயங்கும் ஒலிக்கூடத்தார் இதனை உடனே ஏற்றனர். ஏனையோரிடம் 3,000 டாலரை நியாயப்படுத்தக் காரணம் இல்லை. கணினி ஒன்றே. கருத்து இரண்டாகப் பிளந்தது செருகுவதற்கு எவரிடம் என்ன இருந்தது என்பதைப் பொறுத்து.

செயலாக வெளிப்பட்ட கருத்து

எழுத்தில் வராத கருத்தும் உண்டு. 2009 மேக் ப்ரோவின் நிலைப்பொருளை மாற்றி அதனை 2010 கணினியாக அடையாளங்காட்டச் செய்யும் உத்தியை உடைமையாளர்களே கண்டறிந்தனர். அதன்பின் புதிய செயலிகளைப் பொருத்தினர். வரைகலை அட்டையை மாற்றினர். செருகுவாய் வழியாகத் திடநிலைச் சேமிப்பகத்தைச் சேர்த்தனர். 2018இல் வெளிவந்த மொஜாவி இயங்குதளம், மெட்டல் ஆதரவுடைய அட்டை இருப்பின் 2010, 2012 கோபுரங்களிலும் இயங்கும் என ஆப்பிளே அறிவித்தது. உருளைக் கணினி வெளிவந்து ஐந்தாண்டுகள் ஆகியும் அதற்கு முந்தைய கோபுரம் அதே இயங்குதளத்தை, அதனினும் வலிய வரைகலை அட்டையுடன், இயக்கிக்கொண்டிருந்தது. அவ்வாறு ஒவ்வொரு முறை அட்டை மாற்றியவரும் உருளையைப் பற்றித் தம் கருத்தைக் கூறியவரே. அவர்களுள் எத்தனையோ பேர் ஒரு வரியும் எழுதியதில்லை. பயன்படுத்திய கோபுரங்களும் பழைய அட்டைகளும் கைமாறிய விலையில்தான் அவர்தம் மதிப்பீடு பதிந்துள்ளது.

2019 கோபுரத்திற்கும் அக்கட்டம் இப்போது வந்துள்ளது. 2025இல் அறிவிக்கப்பட்ட மேக்ஓஎஸ் டஹோவே இன்டெல் கணினிகளில் இயங்கும் கடைசிப் பதிப்பு. அப்பதிப்பு ஏற்கும் கணினிகளுள் 2019 மேக் ப்ரோவும் ஒன்று. அதன் உடைமையாளர்களுள் சிலர் விண்டோஸ் அல்லது லினக்ஸ் நிறுவிக்கொள்வர், சிலர் விற்பர், சிலர் வலையிணைப்பைத் துண்டித்து ஒலிக்கூடத்தில் மட்டும் வைத்துக்கொள்வர். 2019 டிசம்பரில் அவர்கள் எழுதிய பாராட்டுகள் கிடைக்கின்றன. அவற்றை எழுதியவர்களையே இப்போது மீண்டும் அணுகி, அந்த எட்டுச் செருகுவாய்களில் எத்தனையை உண்மையில் நிரப்பினீர்கள் என்று கேட்டறியும் ஆய்வு செய்யத்தக்கது.